சுமை தாங்கும் சுவரை இடிக்கத் தொடங்கிய ஒரு வீடு: நிகழ்வு ஆய்வு

தங்களுக்கு நேர்ந்தது பிறருக்கும் தெரியட்டும் என்று சம்பந்தப்பட்ட குடும்பம் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டும் விவரங்கள் எதுவும் இதில் இல்லை. அளவுகளும் வேலை நடந்த வரிசையும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன. வேலை பாதியில் நின்ற பிறகு அழைக்கப்பட்ட கட்டமைப்புப் பொறியாளர் நான்.

பின்னணி

தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட, ஏறத்தாழ 30 ஆண்டுப் பழைய வீடு. தூண்கள் கிடையாது. 230 மி.மீ. கனமுள்ள செங்கல் சுவர்களின் மேல் கான்கிரீட் தளம் போட்டு, சில ஆண்டுகள் கழித்து அதே சுவர்களின் நேர் மேலே முதல் தளத்தை எழுப்பியிருக்கிறார்கள். கட்டியவர் இப்போது உயிரோடு இல்லை. வரைபடங்களும் கிடைக்கவில்லை.

வீட்டில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கணவரின் தாயார். தாயாரின் அறை மாடியில். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே 6.2 மீட்டர் நீளத்தில் ஒரு சுவர் இருக்கிறது. அதில் 3.6 மீட்டரை எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே பெரிய அறையாகும், வெளிச்சம் வரும் என்பது அவர்கள் ஆசை. நியாயமான ஆசைதான். சுவரை எடுக்க விரும்பியதில் எந்தத் தவறும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சுவர்களை முறையாக எடுக்க முடியும்.

அவர்கள் யோசனை கேட்டது இரண்டு பேரிடம். உள் அலங்காரம் செய்பவர் அழகான படம் ஒன்றை வரைந்து கொடுத்தார். அதில் சுவர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. மேலே என்ன இருக்கிறது என்று அந்தப் படம் கேட்கவே இல்லை. அடுத்து, பல ஆண்டுகளாக அந்த வீட்டுக்கு வேலை செய்துவரும் மேஸ்திரி. அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வெறும் தடுப்புச் சுவர்தான் சார், மேலே ஒரு பீம் போட்டுவிட்டால் போதும்" என்றார். 230 மி.மீ. உயரம், 230 மி.மீ. அகலம், 12 மி.மீ. கம்பி நான்கு. அவர் மனத்தில் இருந்த பீம் அது.

பொறியாளரை அழைக்கலாமா என்ற பேச்சு வீட்டில் ஒருமுறை எழுந்திருக்கிறது. மனைவிதான் கேட்டிருக்கிறார். "ஒரு சுவருக்கு எதற்குப் பொறியாளர்?" என்று அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

வேலை தொடங்கிய நாள்

காலையில் தளத்துக்கு அடியில் நான்கு சவுக்குக் கம்புகளை முட்டாக நிறுத்தினார்கள். நான்குமே சுவரின் ஒரே பக்கத்தில், கூடத்தில் இருந்தன. சமையலறைப் பக்கம் முட்டே இல்லை. பிறகு, எடுக்க நினைத்த 3.6 மீட்டர் பகுதியின் நடுவிலிருந்து உடைக்கத் தொடங்கினார்கள். மாலைக்குள் 1.8 மீட்டர் அகலத்துக்கு, தரையிலிருந்து தளத்தின் அடிவரை செங்கல் எடுக்கப்பட்டுவிட்டது.

பள்ளியிலிருந்து வந்த மூத்த பிள்ளை மாடியில் பாட்டியின் அறைக் கதவைத் திறக்க முயன்றபோது அது திறக்கவில்லை. காலையில் எளிதாகத் திறந்த கதவு. தோளால் தள்ளியபோது நிலையின் மேல் மூலையில் பூச்சு உதிர்ந்தது. மனைவி மேலே போய்ப் பார்த்தார். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், செங்கல் வரிசையைப் பின்பற்றிப் படிக்கட்டு போல ஏறும் ஒரு விரிசல். அது காலையில் இல்லை என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது.

அவர் கீழே வந்து வேலையை நிறுத்தச் சொன்னார். மேஸ்திரி மறுத்துப் பேசவில்லை, உடனே நிறுத்தினார். இந்த வழக்கில் உயிர்களைக் காத்த முதல் முடிவு அதுதான், அதை எடுத்தவர் அந்தப் பெண்மணி. அன்று மாலையே எனக்கு அழைப்பு வந்தது. விரிசலின் படத்தையும் கீழே திறந்து கிடந்த சுவரின் படத்தையும் அனுப்பச் சொன்னேன். பார்த்ததும், மாடியில் யாரும் இருக்க வேண்டாம், திறப்புக்கு அருகே யாரும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நேரில் கண்டவை

மாடியில் முதலில் பார்த்தது விரிசலை அல்ல, சுவரின் அடியை. தரையோடு ஒட்டிய ஓரப்பட்டை ஓடுகளுக்குக் கீழே, திறப்பின் நடுப்பகுதிக்கு நேர் மேலே, மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது. சட்டைப் பையிலிருந்த முகவரி அட்டையை அதில் நுழைத்தேன், தடையின்றி உள்ளே போனது. பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போனேன். ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம்வரை நுழைந்தது, அதன் பிறகு நுழையவில்லை.

இதன் பொருள் தெளிவு. கீழே ஆதாரம் போனதும் தளம் நடுவில் தொய்ந்திருக்கிறது. மேலிருந்த சுவர் தளத்தோடு சேர்ந்து இறங்காமல், தனக்குள்ளேயே வில்வளைவு போன்ற பாதையை அமைத்துக்கொண்டு இரு பக்கமும் சாய்ந்து நிற்கிறது. படி விரிசல் அந்த வளைவின் எல்லையைக் காட்டியது. அகலமான இடத்தில் 2.3 மி.மீ. இருந்தது. விளிம்புகள் கூர்மையாக இருந்தன, உள்ளே புதுச் செங்கல் நிறம் தெரிந்தது, கீழே செம்பொடி சிந்தியிருந்தது. கதவு நிலையின் மேல்சட்டத்தில் ரசமட்டத்தை வைத்தபோது குமிழி ஒரு பக்கம் ஒதுங்கியது.

குடும்பத்தினர் எனக்குக் காட்ட விரும்பியதோ வேறொரு விரிசல். படிக்கட்டுச் சுவரில், கூரைத் தளத்துக்குச் சற்றுக் கீழே, கிடையாக நீளும் பழைய வெடிப்பு. பல ஆண்டுகளாக அதைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். வெள்ளையடிக்கும்போதெல்லாம் பட்டி வைத்து மூடுவார்கள், அது மறுபடியும் வரும். டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளவுக்குள் இரண்டு வெவ்வேறு நிறப் பூச்சுகள் படிந்திருந்தன, சிலந்தி வலையும் இருந்தது. வெயிலில் கூரைத் தளம் விரிந்து சுருங்குகிறது, அதன் கீழுள்ள சுவர் அந்த அளவுக்கு அசைவதில்லை. இரண்டும் சேரும் இடத்தில் அந்த வேறுபாடு ஒரு கோடாக வெளிப்படுகிறது. நெகிழும் தன்மையுள்ள அடைப்பானால் நிரப்பினால் போதும். வீட்டின் வலுவுக்கு அதனால் கேடில்லை.

வீடுகளைப் பார்க்கப் போகும் இடங்களில் இதை அடிக்கடி காண்கிறேன். கண்ணுக்கு நேரே இருக்கும் பழைய கோடு தூக்கத்தைக் கெடுக்கிறது. நேற்றுவரை திறந்த கதவு இன்று இறுகுவதை ஈரப்பதம் என்று விட்டுவிடுகிறார்கள்.

முதல் முடிவு: வெளியேற்றமும் முட்டும்

தாயார் அறையைவிட்டு வர மறுத்தார். "முப்பது வருடமாக நிற்கிற வீடு, ஒரே நாளில் விழுந்துவிடுமா தம்பி?" என்று கேட்டார்.

"முப்பது வருடமும் கீழே அந்தச் சுவர் இருந்ததம்மா" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

அவசரப்படுத்துகிறேனோ என்ற தயக்கம் கணவரின் முகத்தில் தெரிந்தது. அவரிடம் ராணா பிளாசாவைப் பற்றிச் சொன்னேன். வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று அந்தக் கட்டடத்தில் பெரிய விரிசல்கள் தோன்றின. பார்வையிட்ட பொறியாளர் கட்டடம் பாதுகாப்பற்றது என்றார். மறுநாள் காலையில் ஆடைத் தொழிலாளர்கள் மறுபடி வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். கட்டடம் சரிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கிருந்த குறைகள் வேறு, இந்த வீட்டின் நிலை வேறு. இரண்டையும் ஒப்பிட அதைச் சொல்லவில்லை. காரணம் தெரியாத புது விரிசலுக்குக் கீழே ஓர் இரவு மனிதர்கள் தூங்க வேண்டுமா என்ற கேள்விக்கு விடை ஒன்றுதான் என்பதற்காகச் சொன்னேன்.

அன்றிரவே செய்தவை: மாடி அறையிலிருந்த புத்தக அலமாரியையும் இரும்புப் பெட்டியையும் அப்புறப்படுத்தினோம். மொட்டை மாடியில், சுவரின் நேர் மேலேயே, 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதாவது 1 டன் எடை. அதைக் காலி செய்தோம். சுவரின் இரு பக்கமும், தளத்துக்கு அடியில் கனத்த மரச் சட்டங்களை வைத்து, திருகி உயர்த்தும் இரும்பு முட்டுகளைக் கொடுத்தோம். முட்டுகளின் அடியில் தடித்த பலகைகள். தரை ஓட்டின் மீது நேராக நிறுத்தினால் ஓடு உடைந்து முட்டு இறங்கிவிடும்.

மேஸ்திரி முட்டுகளை இன்னும் திருகித் தளத்தைப் பழைய மட்டத்துக்குத் தூக்கிவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். தொய்ந்த தளத்தை வலிந்து தூக்கினால் விசை எங்கே போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாது. மேலே வளைந்து நிற்கும் சுவரை அது மேலும் உடைக்கலாம். இறுக்கமாகத் தொட்டு நிற்கும் அளவுக்குத் திருகி நிறுத்திக்கொண்டோம். விரிசலின் இரு பக்கமும் பென்சில் புள்ளிகள் இட்டு, வெர்னியர் காலிப்பரால் இடைவெளியை அளந்து, தேதியோடு சுவரிலேயே எழுதி வைத்தேன். அடுத்தடுத்த அளவுகளில் மாற்றம் இல்லை. முட்டுகள் சுமையை ஏற்றுக்கொண்டுவிட்டன. அதன் பிறகுதான் நிதானமாக யோசிக்க முடிந்தது.

அந்தச் சுவர் எதைச் சுமந்துகொண்டிருந்தது

தட்டிப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. கனத்தை வைத்தும் முடியாது. மெல்லிய சுவர் சில வீடுகளில் சுமை தாங்கும், தடித்த சுவர் சில வீடுகளில் வெறும் தடுப்பாக இருக்கும். தளத்தின் முதன்மைக் கம்பிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எந்தச் சுவரின் மேல் முடிகின்றன, மேல் தளத்துச் சுவர் எங்கே நிற்கிறது என்ற மூன்றும் தெரிய வேண்டும்.

கம்பிகளின் இடத்தையும் திசையையும் காட்டும் மின்காந்தக் கருவியைத் தளத்தின் அடியில் ஓட்டிப் பார்த்தோம். ஓரிடத்தில் பூச்சையும் கான்கிரீட்டையும் கொஞ்சம் செதுக்கிக் கம்பியைக் கண்ணால் கண்டு உறுதி செய்தோம். முதன்மைக் கம்பிகள் இந்தச் சுவருக்குக் குறுக்கே ஓடின. கூடத்தின் தளமும் சமையலறையின் தளமும் இந்தச் சுவரின் மேல்தான் வந்து உட்கார்ந்திருந்தன. குடும்பத்தின் புகைப்பட ஆல்பத்தில் தளம் போட்ட அன்று எடுத்த படம் ஒன்றும் கிடைத்தது. சிரித்துக்கொண்டு நிற்கும் தாத்தாவுக்குப் பின்னால் கம்பிகள் அதே திசையில் விரிந்து கிடந்தன.

கணக்கைச் சுருக்கமாகத் தருகிறேன். கூடத்தின் அகலம் 3.5 மீட்டர், சமையலறையின் அகலம் 3 மீட்டர். இரண்டிலும் பாதி, அதாவது 3.25 மீட்டர் அகலத் தளத்தின் பாரம் இந்தச் சுவருக்கு. 125 மி.மீ. கனமுள்ள கான்கிரீட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 310 கிலோ. தரை ஓடும் அதன் படுகையும் 100 கிலோ. மனிதர்களுக்கும் பொருள்களுக்குமாக வீடுகளுக்கு வழக்கமாகக் கணக்கில் எடுக்கும் 200 கிலோ. இவற்றைச் சேர்த்தால் சுவரின் ஒவ்வொரு மீட்டருக்கும் 2 டன். மேல் தளத்துச் சுவரின் எடை மீட்டருக்கு 1.4 டன். அந்தச் சுவர் சுமந்துவந்த கூரைத் தளத்தின் பங்கு 2.1 டன். மொத்தம் மீட்டருக்கு 5.5 டன். 3.6 மீட்டர் திறப்புக்கு ஏறத்தாழ 20 டன். தண்ணீர்த் தொட்டி இதில் சேரவில்லை.

மேஸ்திரி மனத்தில் வைத்திருந்த பீமை இந்தச் சுமைக்குச் சரிபார்த்தேன். தேவைப்பட்ட வலுவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் அதற்கு இருந்தது.

ஆனால் எனக்கு அதைவிடக் கவலை தந்தது பீமின் முனைகள். சுவர் இருந்தவரை 20 டன்னும் 3.6 மீட்டர் நீளத்தில் பரவி இறங்கியது. பீம் போட்டதும் அது இரண்டு முனைகளுக்குப் போய், முனைக்கு 10 டன் ஆகிறது. 230 மி.மீ. சதுரத்தில் பீம் உட்கார்ந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 19 கிலோ அழுத்தம். 30 ஆண்டுப் பழைய செங்கல் சுவரில் அதில் பாதியைக்கூட நான் நம்ப மாட்டேன். எவ்வளவு வலுவான பீமைப் போட்டாலும் அது உட்காரும் செங்கல் நொறுங்கினால் பயனில்லை. "ஒரு பீம் போட்டால் போதும்" என்ற சொல்லில் விடுபட்டுப்போவது எப்போதும் இந்தப் பகுதிதான். சுமை பீமோடு முடிவதில்லை. முனை, அதன் கீழுள்ள சுவர், அதன் கீழுள்ள அஸ்திவாரம், அதன் கீழுள்ள மண் வரை அது போகிறது.

மேஸ்திரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். இதுபோன்ற சுவர்களில் எத்தனையோ கதவுகளுக்கு வழி திறந்திருக்கிறார், எதுவும் விழவில்லை. காரணம், ஒரு மீட்டர் அகலத் திறப்புக்கு மேலே நல்ல உயரத்துக்குச் செங்கல் இருந்தால், சுமை வளைந்து இரு பக்கமும் இறங்கிவிடும். திறப்புக்கு மேலுள்ள முக்கோண அளவு செங்கல் மட்டுமே லிண்டலின், அதாவது திறப்பின் மேல் வைக்கும் சிறு குறுக்குப் பீமின், மேல் நிற்கும். அகலம் மூன்று மடங்கானாலோ, இங்கு நடந்ததுபோல் தளத்தின் அடிவரை செங்கல் எடுக்கப்பட்டாலோ அந்த உதவி கிடைக்காது. அவருடைய அனுபவம் முழுவதும் சிறிய திறப்புகளில் கிடைத்தது. இதை அவரிடம் தாளில் வரைந்து காட்டினேன். அவர் கேட்ட கேள்விகள் கூர்மையானவை.

இரண்டாவது முடிவு: திறப்பைச் சுருக்குதல்

சுவரைப் பழையபடி கட்டிவிடலாமா என்று கணவர் கேட்டார். பயத்தில் கேட்டார். கட்டலாம், அதுவும் ஒரு வழி. ஆனால் அவர்கள் விரும்பியதை ஓரளவு மாற்றிப் பாதுகாப்பாகவே செய்ய முடியும் என்றிருக்கும்போது அதைச் சொல்லாமல் விடுவது என் வேலைக்கு அழகல்ல.

3.6 மீட்டர் திறப்பை 2.7 ஆகக் குறைக்கச் சொன்னேன். முதல் திட்டத்தில் திறப்பு வெளிச்சுவரை ஒட்டியே தொடங்கியது. அங்கே 600 மி.மீ. சுவரை விட்டுவைக்கச் சொன்னேன். பீமின் முனைக்கு உட்கார இடம் கிடைக்கிறது, வெளிச்சுவருக்குப் பக்கத் துணையும் நீடிக்கிறது. மறுமுனையில் 2.9 மீட்டர் சுவர் அப்படியே இருக்கும். பீமின் மேல் வரும் சுமை 20 டன்னிலிருந்து 15 டன்னுக்கு இறங்குகிறது. இதைவிடப் பெரிய லாபம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே சீராகச் சுமை ஏறிய பீமில், அதை வளைக்க முயலும் வளைவுத் திருப்புவிசை நீளத்தின் இருமடிக்கும், தொய்வு நீளத்தின் நான்மடிக்கும் ஏற்ப மாறும். முனைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 3.8 மீட்டராக இருந்திருக்க வேண்டிய பீம் 3 மீட்டராகச் சுருங்கியதால், அதே பீமின் தொய்வு ஐந்தில் இரண்டு பங்காகிவிடுகிறது. வீட்டார் விட்டுக்கொடுத்தது ஓர் அலமாரியின் அகலம்.

கான்கிரீட் பீமுக்குப் பதிலாக 250 மி.மீ. உயரமுள்ள இரும்புச் சேனல்கள் (‘ப’ வடிவக் குறுக்குவெட்டுள்ள சட்டங்கள்) இரண்டைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் வேலை முறையில் இருக்கிறது. கான்கிரீட் தன் வடிவமைப்பு வலுவை எட்டுவதற்கு 28 நாள் என்று கணக்கு வைக்கிறோம். அத்தனை நாளும் சுவர் இல்லாத இடத்தை முட்டுகளே தாங்க வேண்டும். இரும்பை வைத்தால் வலு அன்றே தயார். மேலும், 230 மி.மீ. சுவரின் ஒரு பாதியில் மட்டும் பள்ளம் வெட்டி முதல் சேனலை நுழைத்து, அதன் மேல் இடைவெளியைச் சுருங்காத சிமென்ட் கலவையால் இறுக்கி, அது இறுகிய பின் மறுபாதியை வெட்டி இரண்டாவதை வைக்கலாம். செங்கல் மிச்சமிருந்த பகுதிகளில் எந்த நேரத்திலும் சுவரின் ஒரு பாதியாவது சுமையின் கீழ் இருக்கும். உடைக்கப்பட்டுவிட்ட 1.8 மீட்டரில் முட்டுகளே துணை.

முனைகளின் அடியில் 600 மி.மீ. நீளக் கான்கிரீட் திண்டுகள். அவற்றின் கீழ்ச் செங்கலில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோவுக்குள் வந்தது. சுவரோரம் குழி தோண்டி அஸ்திவாரத்தையும் பார்த்தோம். அகலம் போதுமானதாக இருந்தது, மண் உலர்ந்து கெட்டியாக இருந்தது. இங்கே ஈரமோ குழாய்க் கசிவோ இருந்திருந்தால் தீர்வே வேறாகியிருக்கும்.

வேலையும் விளைவும்

வரைபடம், கணக்கு, வேலையின் வரிசை மூன்றையும் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். சுவர் மாற்றத்துக்கு உள்ளாட்சி அமைப்பின் அனுமதி தேவைப்பட்டது, அதற்கும் அந்தத் தாள்களே உதவின. அனுமதிக்காகக் காத்திருந்த காலம் முழுவதும் வீட்டில் முட்டுகள் நின்றன, குடும்பம் உறவினர் வீட்டில் தங்கியது. இந்த வழக்கின் பெருஞ்செலவு அந்தக் காத்திருப்புதான்.

வேலையைச் செய்தவர் அதே மேஸ்திரி. அவருடைய கைத்திறனில் எனக்கு ஐயம் இருந்ததில்லை. சேனல்களின் மேல் கலவையை இறுக்கும் வேலையை அவரே செய்தார், ஓர் அங்குலம்கூட வெற்றிடம் விடவில்லை. முதல் சேனல் வைத்தபோதும், இரண்டாவது வைத்தபோதும், முட்டுகளைத் தளர்த்தியபோதும் நான் அங்கே இருந்தேன். முட்டுகளை ஒரே மூச்சில் எடுக்கவில்லை. நடுவிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகக் கால் திருகு தளர்த்தி, பீமின் நடுவில் அளவெடுத்துக்கொண்டே போனோம். முழுச் சுமைக்கும் தொய்வு 4 மி.மீ.க்குள் இருக்கும் என்று கணக்கு சொன்னது. அளந்தபோது 2 மி.மீ. இருந்தது. ஆள் நடமாட்டமும் பொருள்களும் இல்லாத வீட்டுக்கு அது எதிர்பார்த்த அளவு.

மாடி விரிசலை உடனே பூசி மூட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பருவம் மாறும்வரை அளவுகளைத் தொடர்ந்து எடுத்தோம். 0.1 மி.மீ.க்கு மேல் மாற்றம் இல்லை. அதன் பிறகு உடைந்த செங்கற்களை மாற்றி, பிளவைக் கலவையால் நிரப்பி, சுவரடி இடைவெளியையும் அடைத்தோம். கதவு நிலையைக் கழற்றி மறுபடி மட்டம் பார்த்துப் பொருத்த வேண்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டி வெளிச்சுவரின் மேலுள்ள மூலைக்கு மாற்றப்பட்டது. தாயார் தன் அறைக்குத் திரும்பினார்.

எந்தக் கட்டத்தில் அழைத்திருக்க வேண்டும்

விரிசல் வந்த மாலையில் அழைத்தது சரி. அழைக்க வேண்டிய நேரம் அதற்கு வெகு முன்னால் இருந்தது: உள் அலங்காரப் படத்தில் ஒரு சுவர் காணாமல்போன தருணம். பூச்சு, ஓடு, அலமாரி, வண்ணம் ஆகியவற்றுக்குக் கட்டமைப்புப் பொறியாளர் தேவையில்லை. சுமை தரைக்கு இறங்கும் வழியில் எதையாவது எடுக்கிறோமா, அதன் மேல் எதையாவது ஏற்றுகிறோமா என்றால் தேவை. சுவரை எடுப்பது, கதவை அகலப்படுத்துவது, தூணையோ பீமையோ குடைந்து குழாய் செலுத்துவது, தளத்தில் படிக்கட்டுக்காகத் துளை போடுவது எல்லாம் எடுப்பவை. மேலே இன்னோர் அறை, பெரிய தண்ணீர்த் தொட்டி, மாடித் தோட்டத்துக்கு மண், சூரியத் தகடுகளுக்குச் சட்டகம் இவை ஏற்றுபவை. நனைந்த மண் ஒரு கன மீட்டர் 2 டன்வரை இருக்கும் என்பதை மாடித் தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை.

எதையும் மாற்றாமலேயே வீடு தன்னிலை மாறுவதாகக் காட்டும் வேளைகளும் உண்டு. ஒரு விரிசல் எவ்வளவு அகலம் என்பதைவிட, அது வளர்கிறதா என்பதையே நான் முதலில் கேட்பேன். பென்சிலால் அதன் முனையைக் குறித்துத் தேதி எழுதி வைப்பது யாரும் செய்யக்கூடியது. முனை குறியைத் தாண்டினால், மூலைவிட்டமாகவோ படிபோலவோ ஏறினால், ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட முன்னே துருத்தினால் காத்திருக்க வேண்டாம். கதவும் சன்னலும் ஒருசேர இறுகத் தொடங்குவது, தரை ஒரு பக்கம் சாய்வது, தளத்தின் அடியில் பழுப்புக் கறை படிந்து கான்கிரீட் உப்பி உதிர்வது இவையும் அப்படித்தான். கடைசியாகச் சொன்னதைப் பூச்சு வேலை என்று எண்ணி மூடிவிடுகிறார்கள். உள்ளே கம்பியில் பிடிக்கும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டைப் பிளக்கிறது. மேலே பூசினால் கறை மறையும், துரு உள்ளே தொடரும்.

பக்கத்து மனையில் ஆழமாகத் தோண்டும்போது, தீ விபத்துக்குப் பின், வெள்ளம் அஸ்திவாரத்தைச் சூழ்ந்து வடிந்த பின், நிலநடுக்கத்துக்குப் பின் பார்ப்பதும், பழைய வீட்டை வாங்கும் முன் பார்ப்பதும் இதே வகை. தோண்டும் வேலை தொடங்கும் முன்பே நம் வீட்டுச் சுவர்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், எது பழைய விரிசல், எது புதியது என்ற வாக்குவாதம் எழாது.

முன்னமே சொன்ன படிக்கட்டுச் சுவர்க் கோட்டைப் போன்றவற்றுக்கும், பூச்சில் மட்டும் வலைபோலப் பரவும் மயிரிழைக் கோடுகளுக்கும் பொறியாளர் வந்து சொல்லப்போவது "கவலை வேண்டாம்" என்பதாகவே இருக்கும். அதற்காகவும் ஒருமுறை அழைப்பதில் தவறில்லை. இந்தக் குடும்பம் அந்தக் கோட்டுக்குப் பயந்த ஆண்டுகளை நினைத்தால், அந்தச் சொல்லுக்கும் மதிப்பு இருக்கிறது.

அடுத்த முறை மாற வேண்டியவை

பொறியாளரைத் தேடும்போது அவர் கட்டமைப்புத் துறையில் பயின்று உரிமம் பெற்றவரா என்று கேட்க வேண்டும். வீட்டு வரைபடம் போடுபவரும், கட்டித் தருபவரும், பார்வையிட்டு அறிக்கை தருபவரும் வெவ்வேறு வேலை செய்பவர்கள். பழுதுபார்க்கும் ஒப்பந்தத்தைப் பெறப்போகிறவரே இலவசமாகப் பார்த்துச் சொன்னால், அவருக்கு அந்த வேலையில் ஆதாயம் இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு கருத்து மட்டும் சொல்பவரிடம் கேட்பது நல்லது.

வாய்வார்த்தை போதாது. எந்த அளவு பீம், முனைகள் எதன் மேல் உட்காரும், வேலை நடக்கும்போது முட்டுகள் எங்கே, எந்த வரிசையில் உடைப்பது என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். இந்த வீட்டில் சேதம் நேர்ந்தது இடிக்கும் நாளிலேயே, பீம் போடும் கட்டம் வருவதற்கும் முன்னால். முட்டுகளைப் பற்றிச் சொல்லாத வரைபடம் பாதி வரைபடம்தான்.

ஒப்பந்ததாரர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சுவரை எடுக்கச் சொல்லும் வீட்டுக்காரரிடம் கையெழுத்திட்ட வரைபடம் கேளுங்கள், இல்லாவிட்டால் சுத்தியலை எடுக்காதீர்கள். விழும் சுவருக்கு அடியில் முதலில் நிற்பவர்கள் உங்கள் ஆட்கள். இந்த வீட்டில் அன்று மதியம் அந்தத் திறப்புக்குள் இரண்டு இளைஞர்கள் குனிந்து செங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக, தாள்கள். கம்பிகளின் திசை, அஸ்திவாரத்தின் அகலம், சேனல்களின் அளவு, படங்கள், விரிசல் அளவுகள் அனைத்தையும் ஒரு கோப்பில் வைத்து அவர்களிடம் கொடுத்தேன். அதன் நகல் என்னிடமும் இருக்கிறது. வீட்டை விற்கும்போது வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து அதையும் கைமாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.